காற்றுப் புகாத டப்பா

"இன்னொரு துண்டு குடும்மா" என்று சின்னராஜ் கையை நீட்டினான்.

பச்சையம்மா டேப்பின் நுனியை வாயில் வைத்துக் கடித்து இழுத்தாள். கத்தரிக்கோலைக் காணவில்லை. தேடுகிற நேரத்தில் கத்தரிக்கோல் கிடைத்த வீடு உலகத்தில் ஏது? கடித்த துண்டை அவள் மகனிடம் கொடுக்காமல், பக்கத்தில் குந்தியிருந்த மருமகளிடம் கொடுத்தாள். மகனின் கை நடுங்குவதை அவளும் பார்த்திருந்தாள்.

தமிழரசி அதை வாங்கிப் பிரிண்டரின் கறுப்பு மைக் கார்ட்ரிட்ஜின் அடியில், மை இறங்குகிற துளைகளின் மேல் ஒட்டினாள். அந்த இடத்துக்குச் சின்னராஜ் வைத்திருந்த பெயர் வாய். வாய் காய்ந்துவிட்டால் கார்ட்ரிட்ஜ் செத்தது என்பான். வாயை ஒட்டியே பிரிண்டரிலிருந்து கரண்ட் வாங்குகிற செம்புப் பட்டை இருந்தது.

"நவுத்தி ஒட்டு தமிழு. செம்பு மேல படக் கூடாது. வாய மட்டும் மூடு."

"மூடிட்டேன். நீங்க கெளம்புங்க."

அவன் கிளம்பவில்லை. கலர் கார்ட்ரிட்ஜைக் கண்ணால் காட்டினான். வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது. ஓட்டுநர் இருக்கையில் அவன் தம்பி ராஜவேலு, பொறுமை எல்லாம் தீர்ந்து, அமுக்கிய கையை எடுக்காமல் இருந்தான்.

புதூர்நாட்டுக்குச் சற்றுத் தள்ளி ஜீப் ரோட்டை ஒட்டி இருந்தது வீடு. தகரக் கூரை போட்ட முன்னறை கடை, ஓடு வேய்ந்த உள்பக்கம் குடித்தனம். கடையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு போட்டோ பிரிண்டர், நீலத் துணி அடித்த சுவர், ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு. சுற்றுப்பட்டு மலையூர்களில் பாஸ்போர்ட் படத்தில் கோட்டு போட்டிருக்கிற ஆண்கள் எல்லாரும் அந்த ஒரே கோட்டுக்குள் புகுந்து வெளியே வந்தவர்கள்தான். சாதிச் சான்றுக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் விண்ணப்பம் போடுவது தமிழரசி. படம் எடுத்து அச்சடிப்பது சின்னராஜ்.

அந்தப் பிரிண்டருக்கு இரண்டு கார்ட்ரிட்ஜ், கறுப்பு ஒன்று, கலர் ஒன்று. அந்த மாடலை இப்போது எந்தக் கம்பெனியும் செய்வதில்லை. போன வருஷம் சின்னராஜ் காய்ச்சலில் படுத்துவிட, அச்சடிக்காமல் கிடந்து பழைய ஜோடி காய்ந்து போனது. வெந்நீரில் நிறுத்தினான், துணியில் ஒற்றினான், கெஞ்சாத குறை. பிறகு சென்னைக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கி இந்த ஜோடியைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தான். மை தீரத் தீர சிரிஞ்சில் ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தான். இதுவும் போனால் பிரிண்டரை மூலையில் போட வேண்டியதுதான்.

இப்போது ஒரு மாதமாவது அவன் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நெஞ்சில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லையாம். திங்கள்கிழமை போவதாக ஏற்பாடு. ஆனால் இன்று விடிந்ததிலிருந்து அவனுக்கு மூச்சு மேல்மூச்சு கீழ்மூச்சாக வாங்கியது, உதடு கருத்துவிட்டது, இன்றைக்கே போவோம் என்று ராஜவேலு புளி மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். தன் வால்வைப் பற்றி டாக்டர் சொன்னதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்ட மனிதன், கார்ட்ரிட்ஜை மூடாமல் வர மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். நின்றான் என்பது பேச்சுக்குத்தான். நிற்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு உத்தரவு போட்டான்.

ஈரத் துணியால் வாயைத் துடை. டேப் ஒட்டு. ஸ்பாஞ்சை நனைத்துப் பிழி, சொட்டக் கூடாது, ஈரம் மட்டும் இருக்கட்டும். ஸ்பாஞ்சோடு சேர்த்து ஜிப் கவரில் போடு. கவரிலிருந்து காற்றை வெளியே தள்ளு. பிரிண்டரில் நிற்கிற மாதிரியே டப்பாவுக்குள் நிற்க வை, சாய்க்காதே, சுற்றிலும் துணியைச் செருகு. ஒவ்வொன்றுக்கும் இடையில் அவன் மூச்சுக்காக நின்றான். தமிழரசிக்கு அவனை அப்படியே தூக்கி ஜீப்பில் போட்டுவிடலாமா என்று ஆத்திரம் வந்தது. தூக்கியிருக்கலாம். அவன் அவ்வளவு இளைத்திருந்தான்.

எவர்சில்வர் டப்பாவை மூடி, மூடியைச் சுற்றிலும் டேப் ஓட்டினாள். பச்சையம்மாவின் பல் பட்ட நுனி ஒவ்வொன்றும் கோணல்மாணலாக நின்றது.

"உள்ரூம்ல வைக்கணும். இங்க வெச்சா தகரச் சூட்டுல வெந்துடும்" என்றான்.

உள்ளே எடுத்துப் போக வேண்டிய டப்பா அவன் கையிலேயே இருந்தது. ஒரு பக்கம் தமிழரசியும் இன்னொரு பக்கம் ராஜவேலுவும் தாங்கி அவனை ஏற்றினார்கள். ஜீப் நகர்ந்த பிறகுதான் பச்சையம்மா கவனித்து, டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லிப் பின்னாலேயே வந்தாள். புழுதியில் அவள் குரல் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது.

மலையிறக்கத்தில் ஜீப் வளைந்து வளைந்து இறங்கியது. இரண்டு பக்கமும் புளிய மரங்கள். பின்சீட்டில் சின்னராஜ் டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தான், சந்தையில் முட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியவன் மாதிரி. தமிழரசி தண்ணீர் கொடுத்தாள். உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டான்.

"ஒரு மாசம் தாங்கும் தமிழு" என்றான். "தெறக்காம இருந்தா."

அவள் கோபமாக இருந்தாள். பேசாமல் கண்ணை மூடிக்கொண்டு வாங்க என்றாள். அவனும் சொன்ன பேச்சைக் கேட்டவன் போலக் கண்ணை மூடிக்கொண்டான்.

அதற்குப் பிறகு இரண்டு வளைவோ மூன்று வளைவோ. ஒரு திருப்பத்தில் டப்பா அவன் மடியிலிருந்து வழுக்கி ஜீப்பின் தரையில் விழுந்து உருண்டது. அவன் பிடிக்கவில்லை. தமிழரசி சட்டென்று குனிந்து டப்பாவை எடுத்தாள், நிமிர்த்தினாள், மூடி விலகியிருக்கிறதா என்று பார்த்தாள். அதன் பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள்.

முதலில் டப்பாவைப் பார்த்தோம் என்பது அவளுக்கு அன்று முழுவதும் நெஞ்சில் முள்ளாக நின்றது.

ராஜவேலு ஜீப்பை ஓரம் கட்டி இறங்கி வந்தான். மூக்கில் விரல் வைத்தான், நெஞ்சில் காதை வைத்தான், கன்னத்தைத் தட்டி அண்ணா அண்ணா என்று கூப்பிட்டான். இருந்தாலும் மனசு கேட்காமல் அடிவாரத்துச் சுகாதார நிலையம் வரை ஓட்டிக்கொண்டு போனான். அங்கிருந்த நர்ஸ் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். ஜீப் திரும்பி ஏறியபோது சின்னராஜின் தலை தமிழரசியின் மடியில் இருந்தது. டப்பாவை வைக்க வேறு இடம் இல்லாமல் அவளே இடுப்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

வாசலில் கிடத்துவதற்குள் ஊர் கூடிவிட்டது. பச்சையம்மா அழவில்லை. பழைய வேட்டியில் ஒரு நாடா கிழித்து மகனின் தாடையைக் கட்டினாள், கால் கட்டைவிரல்களைச் சேர்த்து முடிந்தாள். எல்லாம் முடிந்த பிறகு அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்குக் குரல் வந்தது. தமிழரசிக்கு அந்தக் குரலும் வரவில்லை. கையும் ஓடாமல் காலும் ஓடாமல், ஆஸ்பத்திரிக்கென்று கட்டிய சந்தனக் கலர் சேலையோடு, டப்பாவோடு, அவன் தலைமாட்டில் இருந்தாள்.

திருப்பத்தூரில் விடுதியில் தங்கிப் பிளஸ் ஒன் படிக்கிற மகள் அருணாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் வந்ததும் எடுத்துவிடலாம், பொழுது சாய்வதற்குள் மண்ணுக்குள் வைத்துவிட வேண்டும் என்றார் ஊர்ப் பெரியவர் கருப்பன். அப்போது ராஜவேலு எழுந்து வந்தான். அழுது அழுது அவன் கண் சிவந்திருந்தது. யாரையும் பார்க்காமல் தமிழரசியின் கையில் இருந்த டப்பாவைப் பார்த்துப் பேசினான்.

"இத்த மூடிக்கினு ஒக்காந்திருந்த நேரத்துல மலைய எறங்கியிருப்போம். கடசி மூச்சு போவசொல்ல இதுதான் அவன் கையில கீது."

கூட்டம் டப்பாவைப் பார்த்தது. பச்சையம்மாவும் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கடைசியாகக் கையில் இருந்ததா என்று கேட்டாள். ஆமாம் என்றான் ராஜவேலு. அப்படியானால் அவனோடு போக வேண்டியதுதான் என்றாள் அவள்.

அந்த ஊரில் அப்படித்தான். உயிர் போகும்போது கையில் என்ன இருந்ததோ அது குழிக்குள் கூடப் போக வேண்டும். வீட்டில் வைத்துக்கொண்டால் செத்தவன் அதைக் கேட்டுக்கொண்டு வந்து வந்து நிற்பானாம், முதலில் பிள்ளைகளைத்தான் கூப்பிடுவானாம். பச்சையம்மாவின் புருஷன் பலா மரத்திலிருந்து விழுந்தபோது கையில் கொடுவாள் இருந்தது. வீட்டில் இருந்த ஒரே கொடுவாள். அதையும் வைத்துத்தான் மூடினார்கள். கருமாதி முடிகிற வரைக்கும் அவள் விறகு வெட்ட வீடு வீடாகப் போய்க் கொடுவாள் இரவல் கேட்டதையும், ஒருத்தி இல்லை என்று கதவைச் சாத்தியதையும், சின்னராஜ் ஒருமுறை தமிழரசியிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான். பச்சையம்மா அதை எப்போதும் சொன்னதில்லை.

தமிழரசி டப்பாவைக் கீழே வைக்கவில்லை. இந்த டப்பாவை ஜீப்பிலிருந்து தூக்கி எறிந்திருக்க வேண்டும் என்று அவள் காலையிலேயே நினைத்தாள். இப்போதும் அந்த வெறுப்பு அப்படியே இருந்தது. ஆனால் இது போனால் என்ன மிஞ்சும் என்பதும் அதே மனசில் ஓடியது. படம் எடுக்காத கடைக்கு ஒரு விண்ணப்பம் போட யார் வருவார்கள்? எல்லா விண்ணப்பத்துக்கும் படம் வேண்டுமே. முன்னறை காலியாகும். புளி அடுக்க அந்த அறையை ராஜவேலு ஏற்கெனவே இரண்டு முறை கேட்டிருக்கிறான். கெட்டவன் இல்லை. அண்ணியையும் அண்ணன் மகளையும் சோறு போட்டுக் காப்பாற்றத்தான் செய்வான். சோப்பு தீர்ந்தாலும் அருணாவுக்கு நாப்கின் வேண்டுமென்றாலும் அவனிடம் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானை நினைத்தபோது அவள் டப்பாவை இன்னும் இறுக அணைத்துக்கொண்டாள்.

கூட்டத்தில் ஒருத்தி, இந்த மலையில் எல்லாச் சாவுக்கும் படம் போட்டுக் கொடுத்தவனுக்குத் தலைமாட்டில் வைக்க ஒரு படம் இல்லையே என்றாள். அது எல்லாருக்கும் சுருக்கென்றது. யாராவது பைக்கில் கீழே போய் அடித்துக்கொண்டு வரலாமா என்று பேச்சு ஓடியது. போய் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

தமிழரசி எழுந்து நின்றாள். வீடு திரும்பியதிலிருந்து முதல் தடவையாக அவள் வாய் திறந்தது.

"நான் போடறேன்."

எல்லாரும் பச்சையம்மாவைப் பார்த்தார்கள். அவள் மகனின் பாதத்திலிருந்து கையை எடுத்தாள்.

"போட்டுட்டு, அதே மாரி மூடிக் கொண்டா" என்றாள்.

கடைக்குள் தகரச் சூடு அனலாக இறங்கியது. கரண்ட் இருந்தது. கம்ப்யூட்டரில் சின்னராஜின் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ஆஸ்பத்திரிக் கார்டுக்காகப் போன மாதம் அவளே எடுத்தது. நீலத் துணிக்கு முன்னால், ஆணியில் தொங்குகிற அதே கோட்டைப் போட்டுக்கொண்டு, மற்றவர்களிடம் எப்போதும் சொல்கிற மாதிரி மோவாயை லேசாகத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதைப் பெரிதாக்கினாள்.

டப்பாவின் டேப்பைப் பிரித்தாள். ஒரு மாதத்துக்கு என்று மூடியது மதியம் தாண்டுவதற்குள் திறந்தது. ஸ்பாஞ்சின் ஈரம்கூட அப்படியே இருந்தது. வாயில் ஒட்டியிருந்த டேப்பை அவசரமாக இழுத்தபோது மை விரலில் பட்டது. இரண்டையும் பிரிண்டரில் பொருத்தி மூடினாள்.

தாள் வரி வரியாக வெளியே வந்தது. முதலில் நீலம், பிறகு முடி, நெற்றி, கண். ஒரு கோடு விடுபடவில்லை, ஒரு இடம் வெளிறவில்லை. கார்ட்ரிட்ஜை அவன் அவ்வளவு நன்றாக மூட வைத்திருந்தான். அவள் தாளைக் கையில் எடுத்து, அடக்க முடியாமல் அங்கேயே அழுதாள். சத்தம் வெளியே போகாமல் கோட்டை முகத்தில் அழுத்திக்கொண்டாள். கோட்டில் ஊரார் வேர்வை வாடை எல்லாம் இருந்தது. அவனுடையது எது என்று பிரிக்க முடியவில்லை.

கண்ணைத் துடைத்தபோது அலமாரியின் மேல்தட்டில் அட்டைப் பெட்டி தெரிந்தது. போன வருஷம் செத்த ஜோடியைச் சின்னராஜ் குப்பையில் போடாமல் அதில்தான் வைத்திருந்தான். அவள் இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. பார்த்தால் கை வராது என்று தெரிந்தது. பிரிண்டரிலிருந்து நல்லதை எடுத்தாள், பழைய டேப்பையே திரும்ப ஒட்டினாள், கவருக்குள் போட்டுப் பாவாடை நாடாவுக்குள் இடுப்பில் செருகினாள். காய்ந்த ஜோடியை எடுத்து டப்பாவுக்குள் போட்டாள். துணியைச் செருகி மூடியை அமுக்கியபோது கதவில் நிழல் விழுந்தது.

ராஜவேலு உள்ளே வந்தான். படத்தை எடுத்துப் பார்த்தான். உதடு கோணியது. படத்தை மேசையில் வைத்துவிட்டு நேராகப் பிரிண்டரிடம் போனான்.

"எடுத்துட்டியா அண்ணி?"

"எடுத்துட்டேன்."

அவன் பிரிண்டரின் மூடியைத் தூக்கினான். குனிந்து உள்ளே பார்த்தான். இரண்டு பள்ளமும் காலியாக இருந்தன. வெறும் பள்ளத்தை அவ்வளவு நேரம் பார்க்க என்ன இருக்கிறது? தமிழரசி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். இடுப்பில் கவரின் முனை குத்தியது.

"வாசல்ல காலையில ஜீப்புல ஒக்காந்துக்கினு ஆரன் அட்ச்சேன் பாரு" என்றான் அவன், பள்ளத்தைப் பார்த்தபடியே. "அதான் அவன் கேட்ட கடசி சத்தமா இருக்கும்."

சின்னராஜ் கடைசியாகக் கேட்டது, கண்ணை மூடிக்கொண்டு வாங்க என்று ஜீப்பில் அவள் சொன்னதைத்தான். அவள் திருத்தவில்லை. மூடியை மெதுவாக இறக்கிவிட்டு அவன் படத்தை எடுத்துக்கொண்டு போனான். அவள் மீது சந்தேகப்பட்டானா, அண்ணனின் பிரிண்டரை ஒருமுறை தொட்டுப் பார்த்தானா என்பது அவளுக்குத் தெரியவில்லை.

அருணா வந்து சேர்ந்தாள். யூனிபார்மோடு வந்தாள். அவள் அப்பா என்று விழுந்தபோது நின்றிருந்தவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். தமிழரசி மகளைக் கட்டிப் பிடித்தாள். அந்த நெருக்கத்தில் இடுப்பில் ஏதோ நசுங்கியது. கொஞ்ச நேரத்தில் அங்கே குளிர்ச்சியாக ஈரம் பரவியது. ஒருமுறை பிரித்த டேப் மறுபடி ஒட்டாது என்று சின்னராஜ் சொல்லியிருக்கிறான். எப்போதோ சொன்னது, இப்போதுதான் ஞாபகம் வருகிறது. மனுஷனுக்கு எது எப்போது ஞாபகம் வர வேண்டுமோ அப்போது வந்தால் இத்தனை பாடு எதற்கு?

குளிப்பாட்டினார்கள். புது வேட்டி கட்டினார்கள். பாடையில் ஏற்றி வாய்க்கரிசி போட்டார்கள். தமிழரசி முந்தானையை இடுப்பைச் சுற்றி இழுத்து இழுத்துச் செருகிக்கொண்டாள். அந்த ஊரில் பெண்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். ஆகவே டப்பாவையும் வாசலிலேயே பாடையில் வைத்து அனுப்புவது என்று ஆனது. அவள் டப்பாவைக் கருப்பனிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"மூடின மேனிக்கு வெச்சா அவன் எப்பிடிம்மா எடுப்பான்? தொறந்து வைங்க. பெத்தவ கையால வைக்கட்டும்."

தமிழரசிக்குக் காது அடைத்தது. அவள் டேப் ஒட்டாமல் வெறும் மூடியை மட்டும் அமுக்கியிருந்தாள். உள்ளே இருப்பது கவர் இல்லாத, ஸ்பாஞ்சு இல்லாத, வாய் வெளுத்துக் காய்ந்த பழைய ஜோடி. மற்றவர்களுக்கு அது கார்ட்ரிட்ஜ், அவ்வளவே. காலையில் ஒவ்வொரு துண்டையும் பல்லால் கடித்துக் கொடுத்தவளுக்கு அப்படி இல்லை. அந்தப் பல் தடத்தில் ஒன்றுகூட உள்ளே கிடையாது.

பச்சையம்மா டப்பாவை வாங்கினாள். மகனின் தோளருகே குந்தி மூடியைத் திறந்தாள்.

பார்த்தாள். விரலை விட்டு ஒன்றைத் திருப்பினாள். அதன் வாயைக் கட்டைவிரலால் தடவி, விரலைத் தூக்கிப் பார்த்தாள். விரலில் ஒன்றும் இல்லை.

பிறகு தலையைத் திருப்பி மருமகளைப் பார்த்தாள். முகத்தை இல்லை, இடுப்பை. இழுத்துச் செருகிய முந்தானையையும் தாண்டிச் சந்தனச் சேலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதா ஊறியிருந்தது.

மேளம் நின்றிருந்தது. தூக்குகிறவர்கள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். பாடையின் கால்மாட்டிலிருந்து ராஜவேலு கேட்டான்.

"எல்லாம் கீதாம்மா?"

அத்தை வாயைத் திறந்தால் தன் கதை முடிந்தது என்று தமிழரசி நினைத்தாள். புருஷனுக்குப் போட வேண்டியதைத் திருடியவள் என்ற பேரோடு இந்த ஊரில் ஒரு நாள் தங்க முடியாது. அருணா கையைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

பச்சையம்மா திறந்த டப்பாவை மகனின் வலது கைப்பக்கத்தில் வைத்தாள். அவன் விரல்களை எடுத்து டப்பாவின் விளிம்பில் படும்படி வைத்தாள்.

"எல்லாம் கீது" என்றாள். "தூக்குங்க."

தூக்கினார்கள். கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் ரோட்டை நோக்கி அசைந்தது. பெண்கள் எழுந்து மாரில் அடித்துக்கொண்டார்கள். அந்த நெரிசலுக்குள் பச்சையம்மா வந்து, தமிழரசியை இடுப்போடு சேர்த்து இறுகக் கட்டிக்கொண்டு கதறினாள். கறை படிந்த பக்கத்தில் தன் உடம்பைக் கொடுத்து, ஒட்டின மாதிரி நின்றாள். கதறல் உண்மைதான். பிடியும் உண்மைதான். தமிழரசிக்குக் காலையிலிருந்து வராத சத்தம் அப்போது வந்தது. மேளம் ரோட்டு வளைவில் மறையும் வரை இருவரும் அப்படியே நின்றார்கள். அதற்குள் பச்சையம்மாவின் வெளுத்த சேலையிலும் ஊதா ஏறிவிட்டது.

பெண்கள் தலைமுழுகக் குழாயடிக்குப் புறப்பட்டார்கள். அருணாவை ஒருத்தி கூட்டிக்கொண்டு போனாள். இவளுக்குத் தலை சுற்றுகிறது, கொஞ்சம் தண்ணி குடிக்க வைத்துக் கூட்டி வருகிறேன் என்று பச்சையம்மா சொல்லி, மருமகளை உள்ளறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். சாமை மூட்டைகளுக்கு நடுவே அந்த அறை குளுகுளுவென்று இருந்தது.

"அத்தே" என்று தமிழரசி ஆரம்பித்தாள்.

பச்சையம்மா காதில் வாங்கவில்லை. பரணில் கையை விட்டுத் தன் விதைச்சாமை டப்பாவை இறக்கினாள். அதுவும் எவர்சில்வர், மூடி இறுகியது. விதையை முறத்தில் கொட்டி, டப்பாவை முந்தானையால் உள்ளே வெளியே துடைத்துத் தரையில் வைத்தாள். தமிழரசி இடுப்பிலிருந்து கவரை உருவினாள். கை முழுக்க மை. கறுப்பு ஒன்றும் ஆகாமல் இருந்தது. கலர்தான் கசிந்திருந்தது. அதுவும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும் போல, கையில் கனம் தெரிந்தது.

பச்சையம்மா சுவரோரம் போய் ஈரத் துணி கொண்டுவந்து கொடுத்தாள். தமிழரசி வாயைத் துடைத்தாள். தூரத்தில் மேளச் சத்தம் மறுபடி எழும்பி, காற்று திசை மாறியதும் அடங்கியது. இந்நேரம் ஊர் மந்தையைத் தாண்டியிருப்பார்கள்.

கிழவி மடியிலிருந்து டேப் உருட்டை எடுத்தாள். காலையில் எடுத்தவள் திரும்ப வைக்கவேயில்லை போலும். நுனியை நகத்தால் நெருடிக் கிளப்பினாள், வாயில் வைத்துக் கடித்தாள், துண்டை விரல் நுனியில் ஒட்டி நீட்டினாள்.

"செம்பு மேல படாம ஒட்டு" என்றாள்.

தமிழரசி ஒட்டினாள். பச்சையம்மா அடுத்த துண்டுக்காக டேப்பை மறுபடியும் பல்லில் வைத்தாள்.